மணவாளக்குறிச்சி மணலில் வேற்றுக்கிரகத் தேடுகருவி

உங்கள் கதையில் வேற்றுக்கிரகப் பொருளைத் தேடும் கருவி கற்பனைதான், அது ஏமாறும் இடமாவது நிஜமாக இருக்கட்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் கதிர்வீசும் தோரியம். கதிர்வீச்சை வெறுமனே எண்ணும் கருவி கரை முழுக்கக் கத்தும். காமா ஆற்றலைப் பிரித்துக் காட்டும் சோடியம் அயோடைடு படிகம் பொருத்துங்கள். அது தரும் ஆற்றல் வரைபடத்தில் 2.61 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் எழும் முகடு தாலியம்-208, தோரியம் சிதைந்து வரும் வாரிசு, கழித்துவிடுங்கள். வெயில் ஏற ஏறக் கருவி சூடாகி முகடுகள் இடம் நகரும். திருத்த அந்தத் தோரிய முகட்டையே அளவுகோலாக வைக்கலாம், கரையில் அதற்கா பஞ்சம்! கழித்தபின்னும் பெயரில்லாத முகடு நின்றால் கதையை நகர்த்துங்கள்.

கருவியில் உலோகம் தேடும் சுருளும் இருந்தால், அதைக் குழப்புவது இல்மனைட் போன்ற இரும்புக் கனிமங்கள். உலோகம் இல்லாத இடத்தில் சுருளை ஓரடி உயரம் ஏற்றி இறக்கி, ஓசை மாறாமல் நிற்கும்வரை தரைச் சமன் செய்யுங்கள், அதாவது மணலின் குறுக்கீட்டைக் கருவி ஒதுக்கும்படி திருத்துங்கள். ஈர மணலில் உப்பும் சேரும். அங்கே மறுபடி சமன்.