தான இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை வடிகட்டும் முறை

ஒரு பை முழு இரத்தத்தில் பொதுவாக 100 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளணுக்கள் இருக்கும். இரத்தம் பெறுபவருக்கு அவற்றால் பயன் இல்லை. மாறாக, இரத்தம் ஏறும்போது குளிர்காய்ச்சல் வருவதற்கும், அடுத்தடுத்து ஏற்றப்படும் தட்டணுக்களை (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) உடல் ஏற்காமல் போவதற்கும், வெள்ளணுக்களுக்குள் மறைந்திருக்கும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுவதற்கும் அவையே பெரும்பாலும் காரணமாகின்றன. இரத்தம் ஏற்றும் செட்டில் உள்ள வலை 170 முதல் 200 மைக்ரான் கண்ணளவு கொண்டது. அது உறைந்த இரத்தக் கட்டிகளைத்தான் தடுக்கும், வெள்ளணுக்களைத் தடுக்காது.

நோயாளியின் படுக்கையருகே வடிகட்டுவதைவிட, சேமிப்பதற்கு முன்பே வடிகட்டுவது மேலானது. ஏனெனில், சேமிப்பில் இருக்கும் வெள்ளணுக்கள் வெளிவிடும் சைட்டோகைன்கள் என்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களைப் பின்னர் பொருத்தும் வடிகட்டியால் முழுமையாக நீக்க முடியாது. காய்ச்சலைத் தூண்டுபவற்றில் அவையும் அடங்கும். மேலும், படுக்கையருகே வடிகட்டும்போது தரத்தைச் சோதிக்க வழியில்லை, ஏ.சி.இ. தடுப்பு மருந்து (இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு வகை மருந்து) உட்கொள்பவர்களில் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்ததும் உண்டு.

வடிகட்டி இணைந்தே வரும் பைத் தொகுதியைப் பயன்படுத்தினால் குழாயைத் திறக்க வேண்டியதில்லை, கிருமி புகும் வாய்ப்பும் குறையும். பையை மெதுவாகப் புரட்டிக் கலக்கி, தயாரிப்பாளர் குறித்துள்ள உயரத்தில் தொங்கவிட்டு, அடைப்பைத் திறந்து, இரத்தம் தன் எடையாலேயே வடிகட்டியின் நுண்ணிழை அடுக்குகளின் வழியே இறங்குமாறு விட வேண்டும். அவசரப்பட்டுப் பையைப் பிழியக் கூடாது. அழுத்தம் கூடினால் இழைகளில் ஒட்டிய அணுக்கள் மீண்டும் கழன்று இரத்தத்தோடு போய்விடக்கூடும். ஓட்டம் நின்றதும் குழாயை வெப்ப முத்திரையிட்டு, வடிகட்டியைப் பிரித்து, பையை எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வழக்கத்துக்கு மாறாக ஓட்டம் மந்தமானால் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடையாளர் அரிவாளணுப் பண்பு (சிவப்பணுக்களை அரிவாள் வடிவாக்கும் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற நிலை) உடையவராக இருந்தாலும் வடிகட்டி அடைபடும். அத்தகைய இரத்தம் முழுவதும் இறங்கிவிட்டாலும், எண்ணிப் பார்க்காமல் அதை நம்புவது தவறு.

மீதமுள்ள வெள்ளணுக்கள் ஒரு பைக்கு அமெரிக்க வரையறைப்படி 50 லட்சத்துக்கும், ஐரோப்பிய வரையறைப்படி 10 லட்சத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வழக்கமான அணு எண்ணும் கருவி துல்லியமாகக் காட்டாது என்பதால், மாதிரிப் பைகளை நாஜியோட் அறையிலோ (நுண்ணோக்கியில் வைத்து எண்ணும் கண்ணாடித் தட்டு) ஃப்ளோ சைட்டோமெட்ரி (அணுக்களை லேசர் ஒளியில் எண்ணும் முறை) மூலமோ எண்ண வேண்டும்.

வடிகட்டிய இரத்தம் என்பதற்காகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதைத் தவிர்த்துவிடக் கூடாது. நோயெதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களைத் தாக்கும் ஒட்டு எதிர் ஓம்புநர் நோய்க்கு (ஏற்றப்பட்ட அணுக்கள் பெறுபவரின் உடலையே தாக்கும் நோய்) எஞ்சிய சில லிம்போசைட்டுகளே (ஒரு வகை வெள்ளணுக்கள்) போதும் என்பதால், அவர்களுக்கான பைகளைக் கதிர்வீச்சுக்கும் உட்படுத்த வேண்டும். குருதி மூலச்செல்களையும் (இரத்த அணுக்களை உருவாக்கும் செல்கள்) சிகிச்சைக்காகவே ஏற்றப்படும் வெள்ளணுக்களான கிரானுலோசைட்டுகளையும் எக்காரணம் கொண்டும் இந்த வடிகட்டியில் செலுத்தக் கூடாது.