பதில் வராத முதல் நாவல்: மறுப்பை எப்படிக் கையாள்வது

தமிழில் முதல் நாவலை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கு மறுப்புக் கடிதம் வருவதே அபூர்வம். பெரும்பாலும் எதுவும் வராது. நம் பதிப்பகங்கள் பலவும் ஒரு சிலரே நடத்துபவை. வந்த பிரதியைப் படிப்பவரே மெய்ப்பும் (அச்சுக்கு முன் பிழைதிருத்தம்) பார்ப்பார், புத்தகக் கட்டையும் அனுப்பி வைப்பார். ஆகவே மௌனத்துக்கு ‘எழுத்து தேறாது’ என்று நாமே பொருள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு கெடு வைக்க வேண்டும். கெடு இல்லாத காத்திருப்புதான் ஆளை அரிக்கும்.

அனுப்பிய நாளிலிருந்து 90 நாள் போதும். அதன்பின் மூன்று வரியில் ஒரு நினைவூட்டல்: நாவலின் பெயர், அனுப்பிய தேதி, பரிசீலனையில் இருக்கிறதா என்ற கேள்வி. மேலும் 30 நாள் போயும் பதில் இல்லையென்றால், ‘படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதைச் செய்யாமல் வேறு இடத்தில் ஒப்பந்தம் போட்டுவிட்டால், பழைய இடத்தில் யாரோ ஒருவர் அப்போதுதான் படித்து முடித்துச் சம்மதம் சொல்வார். இரண்டு பக்கமும் மனக்கசப்பு.

மாதமும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. அக்டோபரிலிருந்து காட்சி முடியும் வரை பதிப்பகத்தில் எல்லோரும் அச்சகத்துக்கும் அட்டைப்படத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பார்கள். புதியவரின் கோப்பைத் திறக்கக்கூட நேரம் இராது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரை அனுப்புங்கள். நவம்பரிலேயே அனுப்பிவிட்டீர்கள் என்றால், 90 நாளை பிப்ரவரி 1 முதல் எண்ணுங்கள்.

ஒரு குறிப்பேடு போடுங்கள். பதிப்பகம், அனுப்பிய தேதி, எந்தத் திருத்தப் பிரதி, நினைவூட்ட வேண்டிய நாள், வந்த பதில் என ஐந்து பத்தி. ஒரே சமயத்தில் மூன்று இடங்களுக்கு மேல் வேண்டாம். பலருக்கும் அனுப்பியிருந்தால் அதை மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். இருபது பதிப்பகங்களுக்கு ஒரே நாளில் அனுப்புபவர், முதல் அத்தியாயத்தில் ஒரு குறை இருந்தால் இருபது வாய்ப்பையும் அதே குறையோடு இழக்கிறார்.

மறுப்பு வந்த அன்று பதில் எழுதாதீர்கள், முகநூலிலும் எழுதாதீர்கள். ஏழு நாள் நாவலின் கோப்பைத் திறக்க வேண்டாம். கோபத்தில் செய்யும் திருத்தம் நல்ல பக்கங்களைத்தான் முதலில் வெட்டும். அந்த வாரம் துக்கம் இருக்கும், இருக்கட்டும். மூன்று நான்கு வருட உழைப்பு, வலிக்காமல் எப்படி இருக்கும்? இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

எட்டாம் நாள், வந்த பதில் எந்த வகை என்று பாருங்கள். ‘இந்த ஆண்டுப் பட்டியல் முடிந்துவிட்டது’ என்றால் பிரதியைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. புத்தகக் காட்சி முடிந்ததும் மறுபடி கேட்கலாம். ‘நடை நன்றாக இருக்கிறது, இரண்டாம் பாகம் தொய்கிறது’ என்று ஒருவர் எழுதினால், அவர் அதுவரை படித்திருக்கிறார் என்று பொருள். அது மதிப்புமிக்க கடிதம். நன்றி சொல்லி, திருத்திய பிரதியைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

‘பெரிதாக இருக்கிறது’ என்பதைச் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால், ஒரு லட்சம் சொல் நாவல் 500 பக்கத்தைத் தொடும். 512 பக்கம் என்றால் 32 ஃபாரம். 320 பக்கத்தில் முடிந்தால் 20தான். காகிதச் செலவும் விலையும் அதே கணக்கில் ஏறும். பெயர் தெரியாதவரின் தடித்த புத்தகத்தை வாங்க வாசகர் தயங்குவார் என்பது பதிப்பாளருக்குத் தெரியும். நாவல் அந்த நீளத்தைக் கேட்கிறதா என்பதை நீங்கள்தான் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கேட்கிறது என்றால் வெட்டாதீர்கள்.

குறை எங்கே என்று தெரியாவிட்டால், வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் அல்லாத மூன்று பேரிடம் பிரதியைக் கொடுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘அருமை’ என்றுதான் பதில் வரும். ‘எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டு பேர் அடுத்தடுத்த பத்துப் பக்கத்துக்குள் நிறுத்தியிருந்தால் பழுது அங்கேதான், அல்லது அதற்குச் சற்று முன்னால். முதல் நாவல்களில் அடிக்கடி தென்படுவது, கதை தொடங்குவதற்குள் மூன்று தலைமுறை வம்ச வரலாறு. அதை ஐம்பதாம் பக்கத்துக்குத் தள்ளிப் பாருங்கள்.

வட்டார வழக்கில் எழுதியிருந்தால் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். ஒரே பாத்திரம் ஓரிடத்தில் ‘வந்தாக’ என்றும் இன்னோரிடத்தில் ‘வந்தாங்க’ என்றும் பேசினால், பதிப்பாசிரியருக்கு அந்த மண்ணின் மீதே நம்பிக்கை போய்விடும். ர, ற குழப்பமும் விட்டுப்போன ஒற்றும் முதல் பக்கத்திலேயே கண்ணில் குத்தும். கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது அவர்கள் கணினியில் வெறும் குறிகளாகத் திறக்கும். அதைப் படிக்காமலே மூடிவிடுவார்கள், நீங்களோ மறுப்பு என்று வருந்திக்கொண்டிருப்பீர்கள்.

மனம் நொந்திருக்கும் நேரத்தில்தான் ‘செலவைப் பகிர்ந்தால் போடலாம்’ என்ற அழைப்பு இனிக்கும். பணம் கொடுப்பது குற்றமில்லை. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். எத்தனை பிரதி அச்சாகும், அவை யாருக்குச் சொந்தம், நீங்கள் எத்தனை வாங்க வேண்டும், மெய்ப்பு யார் பார்ப்பார், எந்தக் கடைகளுக்குப் போகும், ராயல்டி (விற்பனையில் உங்கள் பங்கு) எவ்வளவு, விற்பனைக் கணக்கு எப்போது வரும் என எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் விலகிவிடுங்கள். மறுப்பு வந்து ஒரு மாதம் ஆகும்வரை இப்படி எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

எந்த ஒப்பந்தமானாலும் உரிமையின் காலத்தைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை அவர் கையைவிட்டுப் போய்விடும். மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் உரிமைகளை அச்சு உரிமையோடு சேர்த்து எழுதிக் கொடுக்காதீர்கள்.

காத்திருக்கும் மாதங்களில், தனியாக நிற்கக்கூடிய ஒரு அத்தியாயத்தைச் சிறுகதையாக்கி இலக்கிய இதழுக்கு அனுப்பலாம். அடுத்த பதிப்பகத்துக்கு எழுதும்போது அது வெளியான செய்தி உதவும். நாவல் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் விதிகளை முதலில் படியுங்கள். எங்கும் வெளிவராத படைப்பைத்தான் பல போட்டிகள் கேட்கும். கிண்டிலில் நீங்களே ஏற்றிவிட்ட நாவலும் வெளிவந்ததாகவே கணக்காகும்.