ரேஸ் கார் பேட்டரி சதவீதத்தை ஸ்க்ரீன்ல போடறப்ப எங்கெல்லாம் சறுக்குது

கோயமுத்தூர் செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்ல காலேஜ் பசங்க ஓட்டற எலக்ட்ரிக் காரை லைவ்ல காட்டணும், ஓரத்துல எலக்ட்ரிக் கார்களோட உலக ரேஸான ஃபார்முலா ஈ மாதிரி பேட்டரி சதவீதமும் ஓடணும்னு நம்ம வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பசங்க ஆசைப்படறாங்க. ஆசை சரிதாங்க, கணக்குதான் இடிக்குது.

முதல்ல கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்காதீங்க. 300 கிலோவாட்ங்கிறது கரண்ட் எடுக்கற வேகம் மாதிரி, மொத்தச் செலவு இல்ல. அந்தப் பவரை 10 செகண்ட் முழுசா எடுத்தா 0.83 யூனிட், நம்ம கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தான்.

அடுத்தது எதை 100னு வெக்கறீங்க? இதுலதான் பாதிப் பேர் கவுந்துடறாங்க. ஃபார்முலா ஈயோட மூணாம் தலைமுறை (ஜென் 3) காருக்கு ஒரு ரேஸுக்குப் பொதுவா சொல்ற 38.5 யூனிட், செலவு பண்ண விடற அளவுதான், பேட்டரியோட மொத்தக் கொள்ளளவு இல்ல, அதனால ஸ்க்ரீன்ல 0 வந்துட்டா பேட்டரி செத்துப் போச்சுன்னு கமென்ட்ரில கத்தக் கூடாது. அந்த அளவே ரேஸ் நடுவுல மாறினதும் உண்டு. 2021ல ஸ்பெயின் வலென்சியால, சேஃப்டி கார் (ஆபத்து வந்தா எல்லாரையும் மெதுவாக்க முன்னாடி ஓடற கார்) ட்ராக்ல இருந்த நேரத்துக்கு நிமிஷத்துக்கு 1 யூனிட் கணக்குல கொறச்சாங்க, கடைசி லேப்ல விட்ட யூனிட் தீந்து வண்டிங்க வரிசையா தள்ளாட ஆரம்பிச்சுது. பழைய 100லயே கிராஃபிக்ஸ் நின்னிருந்தா பாக்கறவனுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. (இப்ப அந்த ரூல் இல்ல.)

ஃபார்முலா 1க்கு இதே டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போடாதீங்க, அங்க பேட்டரி சார்ஜ் லேப்புக்கு லேப் ஏறி எறங்கும்.

ரீஜென்ல, அதாவது பிரேக் புடிக்கறப்ப பேட்டரிக்குத் திரும்பி வர்ற கரண்ட்ல, பேராசை வேண்டாங்க. 850 கிலோ கார் மணிக்கு 200 கிலோமீட்டர்ல இருந்து 80க்கு எறங்கினா இயக்க ஆற்றல் சுமார் 0.3 யூனிட் கொறையுது, ஜிபிஎஸ் வேகத்தை வெச்சு அது மொத்தமும் பேட்டரிக்குள்ள வந்துட்டதா சில பேர் கணக்குப் போட்டுடறாங்க. காத்து, டயர், மோட்டார் எல்லாம் அதுல பங்கு எடுத்துக்கும்ல?

காத்துன்னதும் ஞாபகம் வருது, ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்ல எதிர்க்காத்துல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டினவனுக்கு நான் வெளக்கவே வேண்டாம். முன்னாடி போறவன் காத்தைக் கிழிச்சுட்டுப் போவான், ஒட்டிப் பின்னாடி வர்றவன் மிச்சம் புடிப்பான். ரெண்டு பேருக்கும் ஒரே ஃபார்முலா போட்டா நம்பர் பொய்தான்.

கடைசியா, ரெண்டு காரை ஒரே நொடில ஒப்பிடாதீங்க. ஒருத்தன் பிரேக் புடிச்சு ரீஜென் எடுத்து முடிச்சிருப்பான், இன்னொருத்தன் இன்னும் ஸ்ட்ரெய்ட்ல முழு பவர்ல போவான். ரெண்டு பேரும் ஃபினிஷ் லைனைத் தாண்டறப்ப எடுத்த நம்பரைப் பக்கத்துல பக்கத்துல வெய்ங்க, தசமப் புள்ளிக்கு அப்புறம் ஒரு எடம் போதும்.