யூரோவிஷனுக்குப் பாட்டு அமைப்பது எப்படி

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் மோதும் போட்டி யூரோவிஷன். ஆல்பத்துக்கு எழுதிய பாட்டை அப்படியே அதற்கு அனுப்பினால் பெரும்பாலும் எடுபடாது. ஆல்பம் பாட்டு நாலைந்து முறை கேட்ட பிறகு மனதில் ஒட்டிக்கொள்ளும். இங்கே அந்த அவகாசம் கிடையாது. இறுதிச் சுற்றில் சுமார் இருபத்தைந்து பாட்டுகள் அடுத்தடுத்து வரும். வீட்டில் பார்ப்பவர்களில் பலர் அவற்றை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள், மொழியும் தெரியாது. ஒரே ஒரு முறை கேட்கப்போகிறவருக்காகத்தான் எழுத வேண்டும்.

புள்ளி முறையும் இதையேதான் கேட்கிறது. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுவும் பார்வையாளர்களும் தனித்தனியாக 12, 10, பிறகு 8 முதல் 1 வரை என 10 பாட்டுகளுக்கு மட்டும் புள்ளி தருகிறார்கள். எல்லா நாட்டிலும் 11-ஆவது இடம் பிடித்தால் கிடைப்பது பூஜ்யம். 2021 இறுதிச் சுற்றில் பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நான்குக்கும் பார்வையாளர் வாக்கில் ஒரு புள்ளிகூட விழவில்லை. யாரும் வெறுக்காத பாட்டைவிட, சிலருக்கு மிகவும் பிடித்த பாட்டே இங்கே மேலே வரும்.

முதலில் விதிகள். பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் 6 பேருக்கு மேல் கூடாது. பாடுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 1-க்கு முன் பாட்டு வணிகரீதியாக வெளியாகியிருக்கக் கூடாது. மொழிக்கு 1999 முதல் கட்டுப்பாடு இல்லை. அதே ஆண்டிலிருந்து ஆர்கெஸ்ட்ராவும் இல்லை. வாத்திய இசை முழுவதும் பதிவு செய்த டிராக்கில்தான் வரும். வரிகளில் அரசியலும் விளம்பரமும் கூடாது. 2009-இல் மாஸ்கோவில் போட்டி நடந்தபோது, அன்றைய ரஷ்யப் பிரதமரின் பெயரைச் சிலேடையாக வைத்த ஜார்ஜியாவின் பாட்டை மாற்றச் சொன்னார்கள், ஜார்ஜியா விலகிக்கொண்டது. 2012-இல் சான் மரீனோ தன் பாட்டிலிருந்து ஃபேஸ்புக்கின் பெயரை நீக்க வேண்டியிருந்தது. இவற்றை வரி எழுதும் நாளிலேயே பாருங்கள். பாட்டை ஒப்படைக்கும் மார்ச் மாதத்தில் சிக்கல் வந்தால் ஒலிப்பதிவு, காணொளி எல்லாமே மறுபடி செய்ய வேண்டும்.

3 நிமிடத்தை வாத்தியத்தோடு உட்காருவதற்கு முன்பே பார் (தாளத்தின் ஒரு சுற்று) கணக்கில் பிரித்துப் போடுங்கள். நிமிடத்துக்கு 120 பீட் (தாளத் தட்டு), பாருக்கு 4 பீட் என்றால் ஒரு பார் 2 விநாடி, மொத்தம் 90 பார். முகப்பு இசைக்கு 4, முதல் சரணத்துக்கு 16 (கடைசி 8 பார் பல்லவியை நோக்கி ஏற வேண்டும்), பல்லவி 16, இரண்டாம் சரணம் 8, பல்லவி 16, திருப்பம் (மெட்டு மாறும் இடைப்பகுதி) 8, கடைசிப் பல்லவியும் முடிவும் சேர்த்து 20. கூட்டினால் 88 பார், அதாவது 2 நிமிடம் 56 விநாடி. மிச்சமுள்ள 4 விநாடி கடைசி ஒலி அடங்குவதற்கு. இந்தக் கணக்கில் பல்லவி 40-ஆவது விநாடியில் தொடங்குகிறது, 50-ஐத் தாண்டவிடாதீர்கள். மெதுவான பாட்டில் இடம் இன்னும் குறைவு: 72 பீட்டில் 54 பார்தான். முழு 3 நிமிடத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை, 2015-இல் பின்லாந்து அனுப்பியது 1 நிமிடம் 27 விநாடிப் பாட்டு.

ஏற்கெனவே 3:40 நீளமுள்ள பாட்டைக் குறைக்கும்போது பலரும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். சொற்கள் நெருக்கியடித்து, பாடுபவருக்கு மூச்சு விட இடமில்லாமல் போகும். முகப்பையும் இரண்டாம் சரணத்தையும் வெட்டுங்கள். பல்லவியின் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். கேட்பவர் பிடித்துக்கொள்ளும் கயிறு அதுதான்.

சுருதியை ஸ்டுடியோவில் முடிவு செய்வது பெரிய தவறு. அங்கே நின்றபடி, பல டேக் எடுத்துப் பாடலாம். மேடையில் முதன்மைக் குரல் நேரலையில்தான் பாட வேண்டும். பாடுபவர் சிரமமின்றிப் பிடிக்கும் உச்ச ஸ்வரத்துக்கு ஒரு முழு ஸ்வரம் கீழே பாட்டின் உச்சத்தை வையுங்கள். திருப்பத்துக்குப் பின் சுருதியை ஏற்றுவதாக இருந்தால், ஏற்றிய பிறகுள்ள உச்சத்தைக் கணக்கில் எடுங்கள். நடனம் உண்டென்றால் 20 முறை குதித்த கையோடு கடைசிப் பல்லவியைப் பாடிப் பதிவு செய்து கேளுங்கள். ஸ்வரம் கீழே இறங்கினால் அந்த இடத்தில் அசைவைக் குறைக்க வேண்டும். நீள ஸ்வரத்துக்கு முந்தைய 2 பாரில் பாடுபவர் நின்றாலே போதும், நடனக்காரர்கள் ஆடட்டும்.

பின்னணிக் குரல்களை 2021 முதல் டிராக்கில் பதிந்துகொள்ளலாம். இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் கெட்டுப்போன பாட்டுகள் நிறைய. பின்னணி தடித்துப்போனால் நேரலைக் குரல் தொலைக்காட்சியில் மெலிந்து ஒலிக்கும். முதன்மை மெட்டை டிராக்கில் இரட்டித்து வைப்பது விதிப்படியே தவறு. பாடுபவரின் காதுக்கருவியில் மட்டும் கேட்கும் ஒலித்தடத்தில் தொடங்குவதற்கு முன் 2 பார் எண்ணிக்கையும், பாடத் தொடங்கும் ஸ்வரமும் இருக்கட்டும். முகப்பு இசையே இல்லாமல் குரலில் தொடங்கும் பாட்டுக்கு இது இல்லாவிட்டால், அரங்கக் கூச்சலில் சுருதி தவறுவது எளிது.

மேடைப் பொருட்களைச் சக்கரத்தில் வையுங்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். மேடையில் திருகிப் பொருத்த வேண்டிய எதுவும் வேண்டாம். பொருளே இல்லாமலும் வெல்லலாம்: 2017-இல் போர்ச்சுகலின் சல்வடோர் சோப்ரால் நடனக்காரர் யாருமின்றி, பார்வையாளர் நடுவே இருந்த சிறு மேடையில் போர்த்துகீசியத்தில் பாடி 758 புள்ளி பெற்றார். கேமராத் திட்டத்தைப் பார் எண்ணோடு எழுதி, ஒவ்வொரு ஷாட்டும் எந்தச் சொல்லில் மாறுகிறது என்று குறியுங்கள். முதல் பல்லவி தொடங்கும் நொடியில் முகம் அருகில் தெரிய வேண்டும். அங்கே அகலமான அரங்கக் காட்சி போட்டால் பாடுபவர் யாரென்றே பதியாது.

தனி ஒத்திகை இரண்டே முறை, அரை மணியும் அதற்குச் சற்றுக் குறைவும். அங்கே போய் யோசிக்க நேரம் இராது. ஒவ்வொரு முறை ஓட்டியதும் பதிவைப் பார்த்து மூன்று திருத்தம் மட்டும் சொல்லுங்கள்.

தொண்டையைக் காப்பதையும் தேதி பார்த்துத் திட்டமிடுங்கள். இறுதிச் சுற்றுக்கு நடுவர்கள் புள்ளி போடுவது நேரலையைப் பார்த்து அல்ல, முந்தைய நாள் இரவு நடக்கும் முழு ஒத்திகையைப் பார்த்து. அன்று பாதிக் குரலில் பாடிவிட்டு மறுநாளுக்குச் சேமிக்கக் கூடாது. சேமிப்பதென்றால் அன்று பிற்பகல் ஒத்திகையிலும் பேட்டிகளிலும் சேமியுங்கள்.