புத்தகம் அடுக்கத் தெரிந்தால் போதும்

காட்பாடி, குடியாத்தம் பக்கமிருந்து லண்டனுக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்களுக்கு இது. அதே பள்ளியில், "நூலகத்தில் உதவி செய்யட்டுமா?" என்று கேளுங்கள். டிபிஎஸ் என்ற பின்னணிச் சரிபார்ப்பு கேட்பார்கள்; தன்னார்வலருக்கு அரசுக் கட்டணம் கிடையாது.

ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. பெரும்பாலும் முதல் வேலை, திரும்பி வந்த புத்தகங்களை முதுகில் ஒட்டிய எண் பார்த்து அடுக்குவதுதான். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் டைனோசருக்கு 567.9. பிள்ளைகள் ஓயாமல் கலைத்துப் போடும் அடுக்கு அது! புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள்: 523.11 முன்னால், 523.8 பின்னால். கதைப் புத்தகங்கள் ஆசிரியரின் குடும்பப் பெயர் வரிசையில் நிற்கும்.

ஆகஸ்டில் அங்கே விடுமுறை, நம்மூர்ப் பள்ளிகள் நடக்கும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வரும் சாக்கில், ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, அங்குள்ள புத்தகங்களை ஒழுங்குபடுத்த ஒரு நாள் அனுமதி கேளுங்கள். பீரோவில் பூட்டியிருக்கும் புத்தகங்களுக்கு நிற ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: கதைக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை. கிழிந்த பக்கத்தில் செலோடேப் மட்டும் வேண்டாம். மஞ்சளாகித் தாளையே கெடுத்துவிடும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் நல்லது.