பேராதனையில் பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து கண்டிக்குப் போகிற நம்மவர்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவைச் சுற்றிவிட்டு அப்படியே வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனக்குறை. பூங்காவுக்குப் பக்கத்தில் கலஹாச் சந்தி. அங்கே இறங்கி நடந்தால் பேராதனைப் பல்கலைக்கழகம். கலஹா வீதி வளாகத்தின் நடுவாகவே போகிறது.

உங்கள் அப்பாவோ அம்மாவோ அங்கே படித்தவர் என்றால், விமானம் ஏறும் முன்பே அவர் இருந்த விடுதியின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அருணாசலம், இராமநாதன் என்று நம்மவர் பெயரிலும் விடுதிகள் உண்டு. இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1942இல் கொழும்பில் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம், 1952இல்தான் இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது.

ஒருபக்கம் மகாவலி, மறுபக்கம் ஹந்தானை மலை. நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவு போகிற போக்கிலேயே கட்டடங்களை வைத்திருக்கிறார்கள். திட்டம் வரைந்தவர்கள் ஆங்கிலேயரான பற்றிக் அபர்குரோம்பியும் கிளிஃபோர்ட் ஹொலிடேயும். கட்டடங்களுக்கு உருவம் கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ். பல்கலைக்கழக நிர்வாகம் நடக்கும் செனற் கட்டடத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். தாழ இறங்கும் ஓட்டுக்கூரை, செதுக்குவேலைத் தூண்கள், வாசற்படியில் அரைவட்டமாகச் சந்திரவட்டக்கல்: கண்டி அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு உறவு உடனே புரியும். மழைக்கும் வெயிலுக்கும் அந்தக் கூரைதான் சரி.

அப்புறம், சரிவிலேயே படிகள் அமைத்த, சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் பெயரிலான திறந்தவெளி அரங்கு. மரநிழலில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். 60களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களை வைத்து நாட்டுக்கூத்தைப் புதுமேடைக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்துதான்.

வளாகத்திலேயே உள்ள குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குக் கட்டாயம் ஏறுங்கள். மலையில் முருகனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஏற்றம்தான், வயதானவர்களை ஓட்டோவில் அனுப்புங்கள்.

காலையிலேயே போனால் நல்லது, பின்னேரம் மழை பிடித்துக்கொள்ளும். ஹந்தானைப் புல்லில் இறங்கினால் அட்டை ஏறும், சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். கட்டடங்களுக்குள் போகுமுன் காவலாளியிடம் கேளுங்கள். அப்பா படித்த இடம் என்று சொல்லிப் பாருங்கள். விடுதிகளில் பிள்ளைகள் வசிக்கிறார்கள், வெளியே நின்று பார்த்தாலே போதும். ரயிலில் வருவதென்றால் பேராதனைச் சந்திக்கும் கண்டிக்கும் இடையில் சரசவி உயன என்ற சின்ன நிலையம் இருக்கிறது. பழைய மாணவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் கதை தொடங்கிவிடும்.