நண்பர்களோடு தீவுக்குத் தீவு: பாய்மரப் படகில் நாளைத் திட்டமிடுவது எப்படி?

அன்றிரவு எங்கே நங்கூரம் போடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். புறப்படும் நேரத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பவளப்பாறைக் கடலில் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை, வெயில் உயரத்தில் இருக்கும்போதுதான் நீரின் அடி தெரியும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி உள்ளே நுழையுங்கள். நீரின் கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்கட்டும். கருநீலம் ஆழம். இளம்பச்சை, ஆழம் குறைந்த மணல். பழுப்பும் மஞ்சளும் தெரிந்தால் பாறை மேலே வந்துவிட்டது. மேக நிழலும் பாறை போலவே இருக்கும். நகர்கிறதா என்று பாருங்கள்.

5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 12 கடல் மைல் போக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். எதிர்காற்றென்றால் வளைந்து வளைந்து ஓட வேண்டியிருக்கும், தூரம் ஒன்றரை மடங்காகும். புதியவர்கள் ஏறிய படகுக்கு ஒரு நாளில் 15 மைல் தாராளம்.

நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள். பவளத்தில் போட்டால் அதுவும் நொறுங்கும், சங்கிலியும் சிக்கிக்கொள்ளும். நீர் 5 மீட்டர், ஓதம் (கடல்மட்டம்) ஏறுவது 1, அணியத்தின் உயரம் 1, மொத்தம் 7. இதைப்போல 5 மடங்கு, அதாவது 35 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று பலமானால் 7 மடங்கு. பலரும் ஓதத்தையும் அணிய உயரத்தையும் கூட்டாமல் விடுகிறார்கள். நள்ளிரவில் நங்கூரம் உழுதுகொண்டு போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சங்கிலியை ஒரே குவியலாகக் கொட்டாதீர்கள். படகு பின்வாங்க வாங்க விடுங்கள். பிறகு எஞ்சினை ரிவர்ஸில் மெதுவாக ஏற்றி அரை நிமிடம் இழுங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு மரங்கள் விலகாமல் நின்றால் பிடித்துவிட்டது. சங்கிலி கடகடவென்று அதிர்ந்தால் இழுபடுகிறது. தூக்கித் திரும்பப் போடுங்கள். கடைசியில் முகமூடி மாட்டி நீந்திப்போய்க் கண்ணாலும் பார்த்துவிடுங்கள். நண்பர்களுக்கு இது பிடித்தமான வேலையும்கூட.

நண்பர்களுக்கு விளக்கப் புறப்படும் முன்பே கால் மணி நேரம் ஒதுக்குங்கள். லைஃப் ஜாக்கெட்டை ஒவ்வொருவரும் ஒருமுறை போட்டுக் கழற்றட்டும். பாயின் அடிப்பகுதியைத் தாங்கும் கட்டையான பூம் எதுவரை வீசும் என்பதைக் கையால் தள்ளிக் காட்டுங்கள். கயிற்றை இழுக்கும் உருளையான விஞ்சில் கயிறு சுற்றும்போது விரல் உள்ளே போகக் கூடாது. கழிப்பறையில் காகிதம் போடக் கூடாது. குழாய் மெல்லியது, அடைத்தால் பிரிக்காமல் தீராது. குமட்டல் மாத்திரை கிளம்பிய பிறகு போட்டால் பலன் குறைவு, ஒரு மணி நேரம் முன்பே வேண்டும். முகம் வெளிறியவரைக் கீழே படுக்க அனுப்பாமல் சுக்கானைக் கொடுங்கள். தொடுவானத்தைப் பார்த்து ஓட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3, 4 லிட்டர். குளியல் கடலில், அலச இரண்டு லிட்டர் நன்னீர் போதும்.

மேகத்தின் அடியில் கருங்கோடும் அதன்கீழ் வெண்ணுரையும் தெரிந்தால் உடனே பாயைச் சுருக்குங்கள். காற்று வந்தபின் சுருக்குவது இருமடங்கு வேலை.

விமானம் பிடிக்க வேண்டியவர் இருந்தால், முந்தின இரவே துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வந்துவிடுங்கள். நேரத்துக்குப் போயாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் போகக் கூடாத காற்றில் பாய் ஏற்றுகிறார்கள்.